தொழில் ஆலோசகருக்குக் கூலி யார் கொடுப்பது?

பெறுநர்: ஆசிரியர் அவர்கள்
பொருள்: சிறுதொழில் ஆலோசகர் ஆவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை

ஐயா, வணக்கம்.

வேலையை விட்டு வருகிறவர்கள் சிறுதொழில்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் தொடங்கலாம் என்று தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோவை கணபதியில் நான் அந்தத் தொழிலைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பதால் தெரிந்தவர்கள் வேறு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உங்களைப் பத்தித்தான் போட்டிருக்காங்க" என்றார்கள். முதலீடே வேண்டாம், ஒரு மடிக்கணினியும் பேச்சுத் திறமையும் போதும், வீட்டிலிருந்தே தொடங்கலாம் என்கிறது கட்டுரை. வீட்டிலிருந்தே தொடங்கலாம் என்பது சரி. நானும் வீட்டு முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத்தான் தொடங்கினேன். ஆனால் இந்தத் தொழிலுக்கு வருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டிய ஒன்றைக் கட்டுரை தொடவே இல்லை. ஆலோசகருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? தொழில் நடத்துகிறவர் மாதாமாதம் கொடுக்கும் கட்டணத்திலிருந்தா, அவருக்கு வாங்கிக் கொடுக்கும் கடனிலிருந்தா? அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள். கணக்கு வரும் இடத்தை மட்டும் வெட்டிவிட வேண்டாம்.

பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் 20 வருடத்துக்கு மேல் இருந்தேன். சப்ளையர் பில் என் மேஜைக்குத்தான் வரும். ஷாஃப்ட் கடைகிறவர், இம்பெல்லர் ஃபினிஷிங் செய்கிறவர், பாடி போரிங் பண்ணுகிறவர் என்று ஆவாரம்பாளையம், மணியகாரம்பாளையம், சின்னவேடம்பட்டிப் பக்கத்து ஜாப் ஒர்க்காரர்கள், அதாவது கூலிக்கு வேலை செய்து கொடுக்கிறவர்கள், அத்தனை பேரும் வெள்ளிக்கிழமை ஆனால் ரிசப்ஷனில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பக்கம் ஒரே ஒரு லேத் போட்டிருந்தாலும் அது கம்பெனிதான், அவர் முதலாளிதான். அந்த முதலாளிகள் நாங்கள் கொடுக்க வேண்டிய பணத்துக்கு எங்களிடமே கெஞ்சிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து, அவர்களுடைய கணக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரிந்துபோயிற்று. எந்த விலைக்கு எடுத்தால் கட்டுப்படியாகாது என்பதுகூட, அவர்களுக்குத் தெரிவதற்கு முன் எங்கள் பர்ச்சேஸ் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். மேஜையின் அந்தப் பக்கம் போய் உட்காரலாம் என்று தோன்றியதால் வேலையை விட்டேன். மடிக்கணினியைவிட எனக்கு இந்த அனுபவம்தான் முதலீடு.

இப்போது எங்கள் பக்கம் ஆலோசகர் என்று விசிட்டிங் கார்டு நீட்டுகிறவர்களில் பலர் செய்வது கடன் ஏற்பாடு. புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதுவார்கள், வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், கடன் சாங்ஷன் ஆனதும் அதில் 2 சதவீதமோ 3 சதவீதமோ வாங்கிக்கொள்வார்கள். கடன் வராவிட்டால் ஒரு பைசா வேண்டாம் என்பார்கள். கேட்கிறவருக்கு இது நியாயமாகத் தெரியும். அங்கேதான் சிக்கல். கடன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு இவருக்குக் கூலி. "இந்தக் கடன் உனக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால் அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு சிறுதொழில்காரர் தன் ஆலோசகரிடமிருந்து வருடத்தில் ஒரு தடவையாவது கேட்க வேண்டிய வார்த்தையே அதுதான்.

ரிப்போர்ட் எழுதுவதிலும் ஒரு வித்தை உண்டு. சிறுதொழிலுக்கு நடைமுறை மூலதனக் கடன் கொடுக்கும்போது, வங்கிகள் எதிர்பார்க்கப்படும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வரை கணக்குப் போடும். 1990களில் ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு சொன்ன வழி இது, சிறியவர்களுக்கு நல்லது செய்ய வந்த ஏற்பாடு. எதிர்பார்க்கப்படும் விற்பனை என்பது எழுதுகிறவர் பேனாவில் இருக்கிறதே! 50 லட்சம் விற்கிறவருக்கு அடுத்த வருடம் 1 கோடி என்று எழுதினால் 10 லட்சம் கிடைக்கிற இடத்தில் 20 லட்சம் கேட்கலாம். வங்கி மேலாளர் எல்லாரும் இதை நம்பிவிட மாட்டார்கள், நல்லவர்கள் ஜிஎஸ்டி ரிட்டனை எடுத்து வைத்துக் கேள்வி கேட்பார்கள். ஆனால் தப்பித்துப் போகிற ரிப்போர்ட்டுகளும் உண்டு. வட்டி கட்டுவது ரிப்போர்ட் எழுதியவர் இல்லை.

ஒருவருடைய கணக்கைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். நாற்பது வயது இருக்கும், பழைய லேத் இரண்டு, ஒரு சி.என்.சி. (கணினி ஓட்டுகிற கடைசல் மெஷின்) வைத்திருக்கிறார். சி.என்.சி.யை 15 லட்சம் கடனில் வாங்கியிருந்தார். இரண்டாவது சி.என்.சி. போட வேண்டும், 25 லட்சம் கடன், எல்லாம் பேசி முடிந்துவிட்டது, ரிப்போர்ட்டும் ரெடி, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று வந்தார். வந்தது கூடத் தானாக வரவில்லை, அவருடைய மனைவி தள்ளி அனுப்பியது. கடன் ஏற்பாடு செய்தவருக்குப் பேசிய தொகை 2 சதவீதம், அதாவது 50,000 ரூபாய்.

"எதுக்கு தம்பி ரெண்டாவது மெஷின்?" என்று கேட்டேன்.

"ஆர்டர் இருக்குதுங்க்கா. கேக்கறப்ப எல்லாம் இல்லைன்னு சொல்ல வேண்டியிருக்குது. மெஷின் ஒண்ணுதானுங்களே."

"இப்ப இருக்கற மெஷின்ல மணிக்கு என்ன நிக்குது?"

"நல்லா நிக்குதுங்க்கா" என்றார். எவ்வளவு என்று கேட்டால், டெலிவரி சலானின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். ஆபரேட்டர் சம்பளம் 22,000. கரண்ட் 14,000. இன்செர்ட் (மாற்றி மாட்டுகிற வெட்டு முனை), கூலண்ட், ஆயில் 9,000. ஆக மொத்தம் 45,000. மாதம் 26 நாள், தினம் 8 மணி நேரம், 208 மணி நேரம். மணிக்கு 216 ரூபாய் செலவு. அவர் கடைந்து கொடுக்கிற பேரிங் ஹவுசிங் மணிக்கு 24 பீஸ் விழும், பீஸ் 14.50. அப்படியானால் மணிக்கு 348 ரூபாய் வரவு. 132 ரூபாய் லாபம் என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.

மனுஷன் பொய் சொல்லவில்லை. கணக்குத் தெரியாதவரும் இல்லை. பத்து மைக்ரான் தப்பினால் கண்டுபிடித்துவிடுகிற ஆள். ஆனால் மெஷினுக்கு மாதம் கட்டுகிற 32,600 ரூபாய் தவணை அந்தத் தாளில் இல்லை. கேட்டால், "அது கடனுங்க்கா, செலவு இல்லீங்களே" என்றார். கொட்டகை வாடகையில் இந்த மெஷினின் பங்கு 8,000 இல்லை. சர்வீஸ் ஆள் வந்தால், பெல்ட், பேரிங் மாற்றினால் ஆகிற செலவு இல்லை. அதைச் சுமாராக மாதம் 5,000 என்று வைத்தோம். எல்லாம் சேர்த்தால் 90,600. புத்தகப்படி போனால் தவணையைச் செலவில் சேர்க்கக் கூடாது, தேய்மானமும் வட்டியும்தான் சேர்க்க வேண்டும் என்று ஆடிட்டர்கள் என்மேல் கோபிக்கலாம். ஐந்தாம் தேதி அவர் கணக்கிலிருந்து போவது தேய்மானம் இல்லை, தவணைதான். அவருக்குப் புரிவதும் அதுதான்.

அப்புறம் மணி நேரம். 208 மணி நேரமும் மெஷின் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது என்றார். ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்கி மெஷின் பேனல் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். ஸ்பிண்டில், அதாவது மெஷினின் சுழல் தண்டு, ஓடத் தொடங்கினால் நேரம், நின்றால் நேரம், எதனால் நின்றது என்று ஒரு வார்த்தை. ஆபரேட்டர் பையனுக்கு முதலில் எரிச்சல், தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று. மாதம் முடிந்து கூட்டிப் பார்த்தால் 150 மணி நேரம்தான் வந்தது. காஸ்டிங் வரவில்லை, வேறு பீஸுக்குச் செட்டிங் மாற்றினோம், இன்செர்ட் வாங்க ஆள் போனார், கரண்ட் இல்லை, கேஜ் காணோம். பாதிப் பக்கத்தில் "செட்டிங்", "செட்டிங்" என்றே இருந்தது. சின்னச் சின்ன ஆர்டராக ஆறு விதமான பீஸ் எடுத்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

90,600ஐ 150ஆல் வகுத்தால் மணிக்கு 604 ரூபாய். வரவு 348. மெஷின் ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் 256 ரூபாய் கையை விட்டுப் போகிறது. மாதம் 38,000 ரூபாய்க்கு மேல். அந்தப் பள்ளம் எதில் நிரம்பியது என்று பார்த்தால், பழைய லேத் இரண்டும் சம்பாதித்துப் போட்டது கொஞ்சம், மனைவியின் நகை வங்கியில் இருந்தது மிச்சம். இந்த நிலைமையில் இன்னொரு மெஷின் வந்தால் அது வளர்ச்சியா?

அந்தக் கடன் ஏற்பாட்டுக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் ரிப்போர்ட்டில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 208 மணி நேரம் என்று முதலாளி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார், போய் நின்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் 50,000 போயிருக்கும்.

என் யோசனை, இரண்டாவது மெஷின் வேண்டாம், இருக்கிற மெஷினுக்கு இரண்டாவது ஷிஃப்ட் போடுங்கள் என்பது. தவணையும் வாடகையும் இரண்டு ஷிஃப்டுக்கும் ஒன்றுதானே. சம்பளம் 44,000, கரண்ட் 27,000, இன்செர்ட் வகை 17,000, பராமரிப்பு 8,000, தவணை 32,600, வாடகை 8,000. மொத்தம் 1,36,600. ஆறு வித பீஸை மூன்றாகக் குறைத்தால் செட்டிங் நேரம் மிச்சமாகி 320 மணி நேரம் ஓட்டலாம் என்று நோட்டை வைத்தே கணித்தோம். மணிக்கு 427 ரூபாய் அடக்கம். பீஸை மாட்டிக் கழற்றுகிற நேரத்தைக் குறைக்க அவரே ஒரு ஃபிக்ஸ்சர் செய்தார், அதில் எனக்கு ஒன்றும் தெரியாது, வேடிக்கை பார்த்தேன். 24 பீஸ் 27 பீஸ் ஆயிற்று. பீஸுக்கு 16 ரூபாய் கிடைத்தால் 432. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆர்டர் கொடுக்கிற இரண்டு இடத்துக்கும் போகச் சொன்னேன். "தாளை அவங்ககிட்டக் காட்டினா நம்ம கணக்கு அவங்களுக்குத் தெரிஞ்சிருமேங்க்கா" என்றார். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று எனக்குத் தெரியும், நான் அந்த மேஜையில் உட்கார்ந்தவள். ஓர் இடத்தில் 16 ரூபாய் கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில், இஷ்டம் இருந்தால் செய், இல்லாவிட்டால் மெட்டீரியலைத் திருப்பி அனுப்பு என்றார்கள். அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரவு ஷிஃப்டுக்கு ஆள் கிடைப்பதும் லேசாக இல்லை, வருகிற பையன் மூன்று மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறான், இன்றுவரை அது தலைவலிதான். ஆனால் தவணை கட்ட நகையைத் தேடுவது நின்றது. தவணை முடிகிற வருடத்தில் மெஷின் அவருக்குச் சொந்தம், அப்போது மணிக்கு 100 ரூபாய் அடக்கம் தானாகக் குறையும். இரண்டாவது மெஷினை அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

இந்த வேலைக்கு நான் வாங்கியது மாதம் 3,000 ரூபாய். கடன் வாங்கினாலும் அவ்வளவுதான், வாங்காவிட்டாலும் அவ்வளவுதான்.

கட்டணம் என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. மெக்கானிக்குக் கொடுப்பார்கள், ஆடிட்டருக்குக் கொடுப்பார்கள், வாஸ்து பார்க்க வந்தவருக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். "வாயில பேசறதுக்குக் காசா?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் கமிஷன் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள், அது எனக்கும் புரிகிறது. முதல் தடவை உட்கார்ந்து பேச 500 ரூபாய் என்று நான் வைத்திருப்பது சம்பாதிக்க இல்லை. 500 கொடுத்தவர் அடுத்த வாரம் நோட்டை எழுதிக்கொண்டு வருவார், சும்மா பேசிவிட்டுப் போனவர் வர மாட்டார். இரண்டாவது, ஜிஎஸ்டி ரிட்டன் போடுவது, வருமான வரி போடுவது எதையும் நான் எடுத்துக்கொள்வதில்லை. அதை எடுத்தால் ஆடிட்டர்கள் எனக்குப் போட்டியாகிவிடுவார்கள். எடுக்காததால் அவர்களே ஆள் அனுப்புகிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். லோன் வாங்கித் தர மாட்டேன் என்றதும் எழுந்து போனவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை.

வளர்ச்சி வளர்ச்சி என்று கட்டுரையில் நிறைய இடத்தில் வருகிறது. என் அனுபவத்தில் எங்கள் பக்கத்துச் சிறு கம்பெனிக்கு முதல் வளர்ச்சி, ஏற்கெனவே செய்து கொடுத்த வேலைக்குப் பணம் வாங்குவது. 90 நாள், 120 நாள் என்று நிற்கிற பாக்கி. பில் போட்ட மறுமாதமே ஜிஎஸ்டியைக் கையிலிருந்து கட்டிவிடுகிறார், அந்த வரிப்பணமே அவருக்கு நாலு மாதம் கழித்துத்தான் வருகிறது. சட்டம் என்னவோ இவர் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் கேட்க ஃபெசிலிடேஷன் கவுன்சில் கோவையிலேயே இருக்கிறது, அரசின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனுக் கொடுக்கலாம். தீர்ப்பு வந்தபின் சரக்கு வாங்கியவர் அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

இவ்வளவு இருந்தும் மனுக் கொடுக்க யாரும் சுலபத்தில் வருவதில்லை. கொடுத்தால் அடுத்த நாள் ஆர்டர் நிற்கும். ஆலோசகர் என்று போகிறவர் இங்கே வீரம் பேசக் கூடாது. ஆர்டர் போனால் அவர் குடும்பம்தான் தெருவில் நிற்கும், நம் குடும்பம் இல்லை. நான் செய்யச் சொல்வது சின்ன வேலைகள். சிறுதொழில்களுக்கு அரசு கொடுக்கும் உத்யம் பதிவின் எண்ணைப் பில்லில் தலைப்பிலேயே அச்சடிப்பது. ஆர்டர் எடுக்கும்போதே எத்தனை நாளில் பணம் என்று ஒரு மெயில் போட்டு வைப்பது. மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை, சரக்கு வாங்குகிற கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு, முதலாளிக்கு இல்லை, கணக்குப் பிரிவுக்கு அனுப்பி, சரிதான் என்று பதில் வாங்கிக்கொள்வது. 2024 ஏப்ரல் முதல் வந்திருக்கும் வருமான வரி விதி, எல்லாரும் 43பி என்று பேசிக்கொள்வது, இதற்கு நல்ல துணை. குறு, சிறு நிறுவனத்துக்கு அந்தச் சட்டக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கிற வருடம் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது, வரி கூடும். உத்யம் எண் பில்லில் இருந்தால் அந்தப் பக்கத்து ஆடிட்டரே மார்ச் மாதம் முதலாளியின் காதைத் திருகிவிடுவார். நம் ஆள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, அப்போதுதான் ஆர்டர் என்று சொன்ன இடங்களும் உண்டு என்பதை மறைக்கவில்லை. வாங்கி விற்கிற வணிகருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது, செய்து கொடுக்கிறவருக்கும் சேவை செய்கிறவருக்கும்தான் என்பதையும் கடைக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் நம்மைத் திட்டுவார்கள்.

இந்த உத்யம் பதிவுக்கே காசு வாங்குகிறார்கள் ஐயா. 2020 ஜூலையில் தொடங்கியதிலிருந்து அது இலவசம். ஆதார், பான், ஜிஎஸ்டி இருந்தால் அந்த எண்ணும் கையில் இருந்தால் கால் மணி நேர வேலை. 2,000, 3,000 கொடுத்துப் பதிந்துகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். துடியலூர்ப் பக்கம் இட்லிப்பொடி, பருப்புப்பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிற ஒரு அம்மா, உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு 2,500 கொடுத்திருந்தார். நான் இன்னொருவருக்கு அதே பதிவைப் போட்டபோது அரசுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். அந்த அம்மாவின் பிரச்சினை பதிவு இல்லை, தான் அதிகாலை நான்கு மணியிலிருந்து வறுத்து அரைக்கிற கூலியை விலையில் சேர்க்காதது. "என் வேலைக்கு நானே எப்படிங்க சம்பளம் போடறது?" என்று சிரித்தார். கிலோவுக்கு 40 ரூபாய் ஏற்றினோம், இரண்டு கடை விட்டுப் போயிற்று, மற்றவை வாங்கத்தான் செய்கின்றன.

மானியம் என்று சொல்லிப் பிடிக்கிறவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு, உண்மைதான். "35 சதவீதம் சும்மா வருதுங்க" என்றுதான் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பணம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்புத் தொகையாகக் கிடக்கும். தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழியும். அதற்குள் தொழில் படுத்தால் மானியமும் போச்சு. 2 சதவீதம் வாங்கியவர் அந்த மூன்று வருடமும் அந்தப் பக்கம் வருவாரா? விண்ணப்பிக்க இடைத்தரகர் யாரையும் வைக்கவில்லை என்று அந்தத் திட்டத்தின் இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரே போனால் உட்கார வைத்து விவரம் சொல்கிறார்கள். சில நாள் ஆள் இருக்க மாட்டார்கள், மறுபடி போக வேண்டும், அதுவும் உண்மை. தரகர் பிழைப்பதே அந்த மறுபடி போக வேண்டியதில்தான்.

நட்சத்திர ஓட்டல் ஹாலில் 300 பேரை உட்கார வைத்துப் பத்து மடங்கு வளரலாம் என்று கைதட்ட வைக்கிறார்களே, அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்று போய் வந்தவர் சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற இளைஞர்களுக்குக் கட்டுரை தைரியம் கொடுத்தது நல்லதுதான், வரட்டும். இங்கே ஆள் போதாது. வருகிறவர்கள் மூன்று மாதமாவது ஏதாவது ஒரு தொழிலுக்குள் நின்றுவிட்டு வரட்டும். எல்லாத் தொழிலுக்கும் ஆலோசனை சொல்கிறேன் என்று தொடங்க வேண்டாம். நான் பனியன் கம்பெனிக்குப் போக மாட்டேன், திருப்பூர்க் கணக்கு வேறு. ஓட்டலுக்கும் போக மாட்டேன். லேத், ஃபவுண்டரி, பம்ப் அசெம்பிளி, கிரைண்டர் பாகம், இவற்றோடு வீட்டில் செய்து விற்கிற பெண்கள் சிலர், அவ்வளவுதான் என் எல்லை. சட்டப்படி இதற்கு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை, தனிநபர் நிறுவனமாகத் தொடங்கலாம், வருடம் 20 லட்சம் வரவு தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவும் வேண்டாம். 20 லட்சத்தை நான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கமிஷன் வாங்கினால் எட்டியிருக்கலாம் என்று வீட்டில் கேலி செய்வதுண்டு. கேலிதான், முழுக் கேலியும் இல்லை. மகன் இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கும்போது ஒரு மெஷின் விற்கிற ஏஜென்சி, நான் அனுப்புகிற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தொகை தருவதாக வந்தது. தொகை சின்னதில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் வேண்டாம் என்றேன். அப்படியான தொகை வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிறவர், அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டாவது வாங்க வேண்டும். சொல்லிவிட்டு வாங்கினால் குறைந்தபட்சம் கேட்கிறவர் கொஞ்சம் தள்ளி நின்று கேட்பார்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். கட்டுரை வந்த அதே நாளிதழில், வரி விளம்பரப் (கிளாசிஃபைட்) பக்கத்தில், மானியத்துடன் தொழில் கடன், நூறு சதவீதம் உறுதி, சிபில் தேவையில்லை என்று ஏழெட்டு விளம்பரம் இருந்தது. செல்போன் எண் மட்டும்தான், பெயரோ முகவரியோ இல்லை. விளம்பரம் தங்களுக்கு வருமானம், எனக்குப் புரிகிறது. பெயரும் முகவரியும் இல்லாத கடன் விளம்பரத்தை வாங்குவதில்லை என்று மட்டும் ஒரு முடிவு எடுக்க முடியுமா? இரண்டாவது, உத்யம் பதிவு இலவசம், கடனுக்கு விண்ணப்பிக்கத் தரகர் வேண்டாம் என்ற இரண்டு வரியை அந்தப் பக்கத்தின் தலையிலேயே ஒரு கட்டம் கட்டிப் போட முடியுமா? அந்த விளம்பரத்தைத் தேடிப் படிக்கிறவர்தான் இதையும் படிக்க வேண்டியவர்.

கட்டுரையாளர் மறுபடி இதுபற்றி எழுதுவதாக இருந்தால், மாலை ஆறு மணிக்கு மேல் கணபதிப் பக்கம் வரச் சொல்லுங்கள். ஷிஃப்ட் மாறுகிற நேரம், முதலாளிகள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். நாலு கம்பெனிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்குக் கட்டணம் இல்லை.

என்னிடம் வருகிறவர்களை அக்கம்பக்கத்தார் அடையாளம் கண்டுகொள்ள வாய்ப்பு இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கணபதி, கோயம்புத்தூர்.